பி.பார்ம் முடிச்சவங்க டெக்ஸாஸில் பார்மசி டெக்னீஷியன் ஆக என்ன வழி?

கேள்வி: ஃப்ரிஸ்கோ_வாசி

எல்லாருக்கும் வணக்கம். தமிழ்நாட்டுல பி.பார்ம் முடிச்சிருக்கேன், நாலு வருஷப் படிப்பு, 2017 பாஸ் அவுட். இப்ப டல்லாஸ் பக்கம் இருக்கோம். ஹெச்4 (டிபென்டன்ட்) விசா, இஏடி (வேலை அனுமதி அட்டை) கைக்கு வந்தாச்சு, சோஷியல் செக்யூரிட்டி நம்பரும் இருக்கு.

நாலு வருஷ பி.பார்ம் வெச்சு இங்க பார்மசிஸ்ட் ஆக முடியாதுன்னு சொல்றாங்க, அது உண்மையா? அப்படின்னா டெக்னீஷியனா சேரலாம்னு பாக்கறேன். ஒரு ஆன்லைன் கோர்ஸ்ல 2,800 டாலர் கேக்கறாங்க. அந்த கோர்ஸ் இல்லாம நேரா பரீட்சை எழுத முடியுமா? பார்மகாலஜி ஓரளவு ஞாபகம் இருக்கு, அதுவே போதுமா, இல்ல வேற என்ன படிக்கணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பதில் 1: ஆம்பர்_வயல்

சகோதரி, உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: உண்மைதான். வெளிநாட்டில் படித்தவர்கள் பார்மசிஸ்ட் ஆக எஃப்பிஜிஇசி (வெளிநாட்டுப் பார்மசி பட்டதாரிகளுக்கான) சான்றிதழ் வாங்க வேண்டும். அதற்கு 2003 ஜனவரி 1-க்கு முன் பட்டம் பெற்றவர்களுக்கு நாலு வருடப் படிப்பு போதும். அதற்குப் பிறகு பெற்றவர்களுக்கு ஐந்து வருடப் பாடத்திட்டம் கட்டாயம். 2017 பட்டத்துக்கு அந்தக் கதவு மூடித்தான் இருக்கிறது. இந்தியாவில் ஆறு வருட பார்ம்.டி முடித்தவர்கள் விண்ணப்பிக்கலாம். இங்கேயே ஒரு கல்லூரியில் பார்ம்.டி சேர்ந்து படிப்பது இன்னொரு வழி, ஆனால் செலவும் காலமும் வேறு அளவு. அதை யோசிக்கிறீர்கள் என்றால் தனியாகக் கேளுங்கள், இங்கே டெக்னீஷியன் வழியை மட்டும் சொல்கிறேன்.

டெக்ஸாஸில் மாநில பார்மசி போர்டில் பதிவு இல்லாமல் மருந்து தொடர்பான எந்த வேலையும் செய்ய முடியாது. கல்லாவில் நின்று பில் போடுவது வேறு, மாத்திரை எண்ணுவதும் லேபிள் ஒட்டுவதும் வேறு. முதலில் வாங்க வேண்டியது டிரெய்னி பதிவு. போர்டின் இணையதளத்தில் விண்ணப்பம், கட்டணம், கைரேகை, குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு, அவ்வளவுதான். இந்தப் பதிவு இரண்டு ஆண்டுக்கு. அதற்குள் தேசிய அளவிலான சான்றிதழ்த் தேர்வில் தேறி முழு டெக்னீஷியன் பதிவுக்கு மாறிவிட வேண்டும். ஆகவே டிரெய்னி பதிவைச் சும்மா வாங்கி வைத்துக்கொண்டு வேலை தேடாதீர்கள். கடை ஒன்று உங்களை எடுக்கத் தயார் என்றபின் விண்ணப்பித்தால் அந்த இரண்டு ஆண்டும் முழுதாகப் பயன்படும்.

தேர்வு இரண்டு உண்டு, டெக்ஸாஸ் இரண்டையும் ஏற்கிறது. ஒன்று பிடிசிபி (டெக்னீஷியன்களுக்குச் சான்றிதழ் தரும் வாரியம்) நடத்தும் பிடிசிஇ. இன்னொன்று என்ஹெச்ஏ என்ற இன்னொரு சான்றிதழ் அமைப்பு நடத்தும் எக்ஸ்சிபிடி. பிடிசிஇ எழுத ஒன்று அவர்கள் அங்கீகரித்த பயிற்சியை முடித்திருக்க வேண்டும், அல்லது டெக்னீஷியனாகக் குறைந்தது 500 மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும். எக்ஸ்சிபிடிக்கு வேலை அனுபவ வழியில் போனால் 1,200 மணி நேரம் கேட்பார்கள். வாரம் 25 மணி நேரம் வேலை என்றால் 500 மணி நேரம் 20 வாரத்தில் முடியும், 1,200-க்கு 48 வாரம். நீங்கள் இருக்கும் நிலையில் பிடிசிஇதான் சரி. நாளை கணவர் வேலை மாறி வேறு மாநிலம் போனாலும் அது கைகொடுக்கும்.

2,800 டாலர் கோர்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். பணம் கட்டுமுன் பிடிசிபி தளத்தில் அங்கீகரித்த பயிற்சிகளின் பட்டியல் இருக்கிறது, அதில் அந்தப் பெயர் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அது வெறும் காணொளித் தொகுப்பு, தேர்வு எழுதும் தகுதியைத் தராது. இருந்தாலும்கூட முதலில் வேலைக்கு முயலுங்கள் என்பதுதான் என் கருத்து. சிவிஎஸ், வால்கிரீன்ஸ் மாதிரி பெரிய கடைகள் டிரெய்னியாகச் சம்பளத்துக்கு எடுத்து, உள்ளேயே அங்கீகாரம் பெற்ற பயிற்சியையும் தருகின்றன. பணம் கட்டிப் படிக்க வேண்டியதைச் சம்பளம் வாங்கிக்கொண்டே படிக்கலாம். கோர்ஸுக்குப் பணம் போடுவதில் அர்த்தம் இருப்பது ஒரே இடத்தில்: மருத்துவமனை எக்ஸ்டர்ன்ஷிப் (நேரடிப் பயிற்சி) அதில் சேர்ந்திருந்தால்.

நம் ஊர்க்காரர்கள் பலர் மாட்டிக்கொள்வது பெயரில். பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருந்தால் விசாவில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியாது) என்று விழுந்திருக்கும். இஏடியில் ஒரு மாதிரி, ஓட்டுநர் உரிமத்தில் ஒரு மாதிரி, பட்டத்தில் இனிஷியலோடு ஒரு மாதிரி இருக்கும். பிடிசிபி கணக்கில் கொடுக்கும் பெயரும் தேர்வு மையத்தில் காட்டும் அடையாள அட்டையின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பொருந்தவில்லை என்றால் தேர்வு நடக்கும் பியர்சன் வியூ மையத்தில் உள்ளே விடமாட்டார்கள், கட்டிய பணமும் போய்விடும். எந்த அட்டையைக் காட்டப் போகிறீர்கள் என்று இப்போதே முடிவுசெய்து, போர்டு பதிவு, பிடிசிபி கணக்கு, வேலை விண்ணப்பம் மூன்றிலும் அதே பெயரைக் கொடுங்கள்.

இஏடி காலாவதித் தேதியையும் கவனத்தில் வையுங்கள். போர்டு பதிவு உயிரோடு இருந்தாலும் வேலை அனுமதி முடிந்த நாளோடு வேலை நின்றுவிடும்.

பதில் 2: கவுன்டிங்_ட்ரே

மேல சொன்னது எல்லாம் சரி. நான் பிடிசிஇ பரீட்சை பத்தி மட்டும் சொல்றேன்.

மொத்தம் 90 கேள்வி, எல்லாமே நாலு விடையில ஒண்ணைத் தேர்வு பண்றது. அதுல 10 கேள்விக்கு மார்க் கிடையாது, ஆனா எது அந்த 10-ன்னு சொல்ல மாட்டாங்க. நேரம் 1 மணி 50 நிமிஷம். மார்க் 1,000-லருந்து 1,600 வரைக்கும் ஒரு அளவுகோல், 1,400 வந்தா பாஸ். நெகட்டிவ் மார்க் இல்ல, அதனால தெரியாததையும் விடாம அடிச்சுட்டு வாங்க. கட்டணம் 129 டாலர். விண்ணப்பம் ஓகே ஆனதும் 90 நாளுக்குள்ள எழுதணும். சொந்த கால்குலேட்டர் எடுத்துட்டுப் போக முடியாது, திரையிலேயே ஒண்ணு இருக்கும். முடிச்ச உடனே பாஸா ஃபெயிலான்னு திரையில காட்டிரும்.

புத்தகம் வாங்கறப்ப கவனம். 2026 ஜனவரிலருந்து பாடப் பங்கீடு மாறிடுச்சு. மருந்துகள் 35%, ஃபெடரல் சட்டம் 18.75%, நோயாளி பாதுகாப்பும் தரமும் 23.75%, ஆர்டர் என்ட்ரி (சீட்டைக் கணினில ஏத்தறது) 22.5%. பழைய புத்தகத்துல 40, 12.5, 26.25, 21.25-ன்னு இருக்கும். மார்க் உள்ள 80 கேள்வில சட்டத்துக்கு முன்னாடி 10 வந்துச்சு, இப்ப 15. பி.பார்ம் படிச்சவங்களுக்கு இதுதான் பலவீனமான இடம். ஏன்னா நம்ம ஊர் மருந்துச் சட்டத்தோட ஷெட்யூல் ஹெச், ஹெச்1, எக்ஸ் எதுவும் இங்க உதவாது.

"பார்மகாலஜி போதுமா?"ன்னு கேட்டீங்க. மருந்து எப்படி வேலை செய்யுதுங்கறது உங்களுக்குத் தெரியும், ஆனா அது இங்க வேற பேர்ல இருக்கும். பாராசிட்டமால் இங்க அசிட்டமினோஃபென். சால்பியூட்டமால்னா அல்பியூட்டரால். கிளைபென்கிளமைட் கிளைபியூரைடாகவும், அட்ரினலின் எபிநெஃப்ரினாகவும், பெதிடின் மெபெரிடினாகவும், லிக்னோகைன் லிடோகைனாகவும் வரும். ரிஃபாம்பிசின் ரிஃபாம்பின். அதோட அமெரிக்க பிராண்ட் பேர் தெரியணும். லிப்பிட்டார்னா அடோர்வாஸ்டாட்டின், நார்வாஸ்க்னா அம்லோடிபின், இப்படி ஒரு 200 மருந்துக்கு ரெண்டு பக்கமும் சொல்லத் தெரியணும். தனித்தனியா மனப்பாடம் பண்ணாதீங்க. -ப்ரில், -சார்ட்டான், -ஓலால், -ஸ்டாட்டின், -பிரசோல், -கிளிப்டின், -கிளிஃப்ளோசின்னு வால் வெச்சுக் குழுவாப் பிரிச்சா பாதி வேலை முடிஞ்சுரும்.

இதைவிட ஆபத்து சீட்டுல இருக்கற சுருக்கெழுத்து. நம்ம ஊர்ல ஓ.டி.-ன்னா தினம் ஒரு வேளை. இங்க ஓ.டி.-ன்னா வலது கண்! ஓ.எஸ். இடது கண், ஓ.யு. ரெண்டு கண்ணும். நாம பி.டி. (ரெண்டு வேளை), டி.டி.எஸ். (மூணு வேளை)-னு எழுதறதை இங்க பி.ஐ.டி., டி.ஐ.டி.-ன்னு எழுதுவாங்க. எஸ்.ஓ.எஸ்.-க்கு (தேவைப்பட்டா மட்டும்) இங்க பி.ஆர்.என். பல வருஷப் பழக்கம்கறதால அவசரத்துல கை தானா பழைய அர்த்தத்துக்குப் போயிரும். இதை முதல் வாரத்துலயே எழுதி எழுதி உடைச்சுருங்க.

கணக்குல எல்லாரும் சறுக்கறது பவுண்டு. இங்க குழந்தை எடையைப் பவுண்டுல சொல்லுவாங்க, டோஸ் கிலோவுக்கு இருக்கும். 2.2-ஆல வகுக்கணும். உதாரணத்துக்கு 33 பவுண்டு குழந்தை, அமாக்சிசிலின் ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 90 மி.கி., ரெண்டு வேளையாப் பிரிச்சு, 10 நாள். மருந்து 5 மி.லி.-க்கு 400 மி.கி. எடை 15 கிலோ, ஒரு நாளைக்கு 1,350 மி.கி., ஒரு வேளைக்கு 675. அதை 400-ஆல வகுத்து 5-ஆல பெருக்கினா சுமார் 8.4 மி.லி. பத்து நாளுக்கு 20 வேளை, 168 மி.லி. பாட்டில் 50, 75, 100-னு வரும், அதனால ஒரு 100, ஒரு 75. வகுக்க மறந்து 33-ஐ அப்படியே போட்டீங்கன்னா குழந்தைக்கு ரெண்டு மடங்குக்கும் மேல போகும். விடை நாலுல அந்தத் தப்பான எண்ணும் கண்டிப்பா ஒண்ணா இருக்கும்.

அலிகேஷன், அதாவது ரெண்டு செறிவைக் கலந்து நடுவுல ஒரு செறிவு எடுக்கற கணக்கு, ஒரு கேள்வியாவது வரும்னு வெச்சுக்கோங்க. 2.5% ஹைட்ரோகார்டிசோன் கிரீமையும் 1% கிரீமையும் கலந்து 2% கிரீம் 60 கிராம் வேணும். குறுக்கே கழிங்க: 2-லருந்து 1 போனா 1, அது 2.5%-ஓட பங்கு. 2.5-லருந்து 2 போனா 0.5, அது 1%-ஓட பங்கு. மொத்தம் 1.5 பங்கு. ஆக 2.5% கிரீம் 40 கிராம், 1% கிரீம் 20 கிராம். சரிபாக்கறதும் சுலபம்: 40 கிராம்ல 1 கிராம் மருந்து, 20 கிராம்ல 0.2, மொத்தம் 1.2, அது 60-ல 2%. பங்கை மாத்திப் போடறதுதான் வழக்கமான தப்பு, அதனால சரிபாக்காம அடுத்த கேள்விக்குப் போகாதீங்க.

அப்புறம் டேஸ் சப்ளை, அதாவது கொடுத்த மருந்து எத்தனை நாளுக்கு வரும்ங்கற கணக்கு. கண் சொட்டுக்கு 1 மி.லி.-க்கு 20 சொட்டுன்னு எடுத்துக்கணும். 5 மி.லி. பாட்டில், ரெண்டு கண்ணுக்கும் தினம் ரெண்டு வேளை ஒரு சொட்டு: 100 சொட்டு, ஒரு நாளைக்கு 4, ஆக 25 நாள். இன்சுலின்னா 3 மி.லி. பேனா அஞ்சு இருக்கற பெட்டி 1,500 யூனிட். தினம் 24 யூனிட்னா 62 நாள்.

ஃப்ரிஸ்கோ_வாசி:

ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். பெயர் விஷயம் நல்ல வேளை சொன்னீங்க, என் பாஸ்போர்ட்ல சர்நேம் காலிதான்.

இன்னும் ரெண்டு சந்தேகம். இந்த டேஸ் சப்ளைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? ஊர்ல இப்படி ஒரு கணக்கே கிடையாதே. ரெண்டாவது, கவுன்டர்ல யாராவது மருந்து பத்தி சந்தேகம் கேட்டா, எனக்குத் தெரிஞ்சா பதில் சொல்லலாமா?

பதில் 3: ரீஃபில்_டூ_சூன்

இரண்டாவதற்கு முதலில் பதில்: சொல்லக் கூடாது. பி.பார்ம் படித்தவர்களுக்கு இந்த வேலையில் மிகக் கடினமான பாடம் இதுதான். "இந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா?", "இதோடு அந்த இருமல் மருந்து சாப்பிடலாமா?", "அப்பாவுக்குச் சளி, அலமாரியில் எதை எடுக்கட்டும்?" என்று நாள் முழுக்கக் கேட்பார்கள். இதில் ஒன்றுக்குக்கூட டெக்னீஷியன் பதில் சொல்ல முடியாது. சளி மருந்து எந்த வரிசையில் இருக்கிறது என்று கை காட்டலாம். எது நல்லது என்று சொல்ல முடியாது. "பார்மசிஸ்ட் பேசுவார், ஒரு நிமிடம்" என்று அவரிடம் விட வேண்டும். அதேபோல கணினியில் மருந்துகளுக்கு இடையே மோதல் எச்சரிக்கை வந்தால் அதைத் தாண்டிப் போகும் பொத்தானை நீங்கள் அழுத்தக் கூடாது. ஒரு எச்சரிக்கை தேவையற்றது என்று உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கலாம். அப்போதும் அந்த முடிவு பார்மசிஸ்டுடையது. கடைசிச் சரிபார்ப்பும் அவருடையதே. தேர்விலும் "டெக்னீஷியன் அடுத்து என்ன செய்ய வேண்டும்?" என்ற வகைக் கேள்விகள் வரும். மருத்துவ அறிவைக் காட்டும் விடை ஒன்று அதில் உங்களை இழுக்கும். பெரும்பாலும் சரியான விடை பார்மசிஸ்டிடம் தெரிவிப்பதுதான்.

இனி டேஸ் சப்ளை. இங்கே மருந்துக்குப் பணம் கட்டுவது பெரும்பாலும் காப்பீடு. ஒரு மருந்தை 30 நாளுக்கு என்று அனுப்பினால், அதில் பெரும் பகுதி முடிந்தபிறகுதான் அடுத்ததைத் தர விடும். நாள் கணக்கைக் கூட்டிப் போட்டால் நோயாளி கையில் மருந்து தீர்ந்துபோய் நிற்பார், காப்பீடு 79 என்ற எண்ணோடு 'ரீஃபில் டூ சூன்' (மறுபடி வாங்க இன்னும் நாளாகவில்லை) என்று திருப்பி அனுப்பும். குறைத்துப் போட்டால் பின்னால் தணிக்கையில் கடையிடமிருந்து பணத்தைப் பிடிப்பார்கள்.

அதனால்தான் மேலே நண்பர் சொன்ன இன்சுலின் கணக்கில் ஒரு திருத்தம். பேனாவில் ஒவ்வொரு முறை ஊசி போடுமுன்னும் 2 யூனிட் வெளியே தள்ளிப் பார்க்க வேண்டும். அதையும் சேர்த்தால் நாளுக்கு 26 யூனிட், 1,500-க்கு 57 நாள். 62 என்று அனுப்பினால் நோயாளிக்கு ஐந்து நாள் இன்சுலின் குறையும். கிளார்ஜின் இன்சுலின் பேனாவாக இல்லாமல் 10 மி.லி. வயலாக (குப்பியாக) இருந்தால் இன்னொரு சிக்கல் உண்டு. தினம் 20 யூனிட் போடுபவருக்கு 1,000 யூனிட் 50 நாள் வரும் என்று கணக்கு சொல்லும், ஆனால் திறந்த வயலை 28 நாளுக்குமேல் வைத்திருக்கக் கூடாது.

காப்பீட்டு அட்டையில் நாலு விவரம் எடுக்க வேண்டும்: பின் எண் (BIN, ரகசிய எண் அல்ல; பில்லை யாருக்கு அனுப்புவது என்று காட்டுவது), பிசிஎன் (அதோடு சேர்ந்த இன்னொரு அடையாளக் குறி), குரூப், உறுப்பினர் எண். பின் எண் ஆறு இலக்கம். புது வருடம் பிறந்தால் பாதிப் பேருக்கு அட்டை மாறியிருக்கும், பழைய விவரத்தில் போட்டு "காப்பீடு இல்லை" என்று நோயாளியைத் திருப்பி அனுப்புவது புதிதாகச் சேர்ந்தவர்கள் செய்யும் முதல் தவறு. 75 என்று திரும்பி வந்தால் மருத்துவரிடமிருந்து முன் அனுமதி வேண்டும். 70 என்றால் அந்த மருந்துக்கே காப்பு இல்லை. 76 என்றால் அளவோ நாளோ வரம்பைத் தாண்டிவிட்டது. நோயாளியிடம் "வரவில்லை" என்று மொட்டையாகச் சொல்லாமல், எந்தக் காரணம், யார் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவரைத்தான் கடைக்காரர் விடமாட்டார்.

பிராண்டா ஜெனரிக்கா என்று காட்டும் டிஏடபிள்யூ குறியீட்டில் 0, 1, 2 மூன்றும் கட்டாயம் தெரிய வேண்டும். 0 என்றால் பிராண்ட்தான் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. 1 என்றால் மருத்துவரே பிராண்ட்தான் வேண்டும் என்கிறார், 2 என்றால் நோயாளி கேட்கிறார். இரண்டையும் மாற்றிப் போட்டால் நோயாளி கட்டும் தொகையே மாறிவிடும். என்டிசி எண் (மருந்தின் தேசிய அடையாள எண்) பெட்டியில் 10 இலக்கம், பில்லுக்கு 11 இலக்கம், 5-4-2 என்ற அமைப்பில். எந்தப் பகுதி குட்டையோ அதன் முன்னால் ஒரு பூஜ்யம். கடைசியில் சேர்ப்பது தவறு.

எண்ணுவதையும் சொல்லிவிடுகிறேன், ஸ்ட்ரிப் வெட்டிக் கொடுத்துப் பழகிய கைகளுக்கு இது புதிது. இங்கே உதிரி மாத்திரைகள் பெரிய பாட்டிலில் வரும். எண்ணுமுன் பாட்டிலை ஸ்கேன் செய்ய வேண்டும், ட்ரேயில் ஐந்து ஐந்தாகத் தள்ளி ஆம்பர் வயலில் (பழுப்பு நிறக் குப்பியில்) கொட்ட வேண்டும். பென்சிலின், சல்ஃபா மாத்திரைகளின் தூள் ட்ரேயில் ஒட்டிக்கொள்ளும். துடைக்காமல் அடுத்ததை எண்ணினால் ஒவ்வாமை உள்ள இன்னொருவருக்கு அது போய்ச் சேரும். 70% ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டுத்தான் அடுத்த மருந்து. குழந்தைகளுக்கான அமாக்சிசிலின் தூளைக் கலக்கும்போது முதலில் பாட்டிலைத் தட்டித் தூளை உதிர்க்க வேண்டும். பிறகு லேபிளில் சொன்ன தண்ணீரை இரண்டு தவணையாக ஊற்றிக் குலுக்க வேண்டும். ஒரேயடியாக ஊற்றினால் அடியில் கட்டி பிடிக்கும், டோஸ் சமமாக வராது. வாங்க வருபவர் கவுன்டருக்கு வந்தபின் கலப்பதே நல்லது. கலந்துவிட்டால் 14 நாள்தான், ஆள் வராவிட்டால் அலமாரிக்குத் திருப்ப முடியாது.

பதில் 2: கவுன்டிங்_ட்ரே

ப்ரைமிங் யூனிட் (ஊசிக்கு முன்னாடி வெளிய தள்ளற 2 யூனிட்) திருத்தம் சரிதான், நடைமுறைல அதையும் சேர்த்துதான் போடணும். பரீட்சைக் கேள்வில ப்ரைமிங்னு குறிப்பிட்டிருந்தா சேர்த்துக்கோங்க, குறிப்பிடலைன்னா கொடுத்த எண்ணை மட்டும் போடுங்க.

சட்டத்துல இதையெல்லாம் விடாதீங்க. இங்க அடிமையாக்கற ஆபத்துள்ள மருந்துகளை ஷெட்யூல்னு எண் போட்டுப் பிரிச்சிருக்காங்க. ஷெட்யூல் 2 மருந்துக்கு ரீஃபில் கிடையவே கிடையாது, ஒவ்வொரு தடவையும் புதுச் சீட்டு. 3-க்கும் 4-க்கும் ஆறு மாசத்துக்குள்ள அதிகபட்சம் அஞ்சு ரீஃபில். ஹைட்ரோகோடோன் கலவை 2014-ல ஷெட்யூல் 2-க்கு ஏறுச்சு, ட்ரமடால் அதே வருஷம் ஷெட்யூல் 4-க்கு வந்துச்சு. பழைய குறிப்புகள்ல இது தப்பா இருக்கும். ஷெட்யூல் 2 மருந்தைக் கடை வாங்க டிஇஏ (போதைமருந்துக் கட்டுப்பாட்டுத் துறை) 222 படிவம், திருட்டு அல்லது தொலைஞ்சு போனதுக்கு 106, அழிக்கறதுக்கு 41. மூணையும் கலந்துதான் கேப்பாங்க. சூடோஎஃபெட்ரின் ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு 3.6 கிராம், 30 நாளுக்கு 9 கிராம், அதுக்கு மேல விக்கக் கூடாது. அடையாள அட்டை பாத்து, பதிவேட்டுல கையெழுத்து வாங்கணும்.

டாக்டரோட டிஇஏ பதிவு எண்ணைச் சரிபாக்கறது இலவச மார்க். ஏழு இலக்கத்துல 1, 3, 5-ஆவது இலக்கத்தைக் கூட்டுங்க. 2, 4, 6-ஆவதைக் கூட்டி ரெண்டால பெருக்குங்க. ரெண்டையும் கூட்டினா வர்ற எண்ணோட கடைசி இலக்கமும் ஏழாவது இலக்கமும் ஒண்ணா இருக்கணும். 4271639-னு வெச்சுக்கங்க: 4+7+6=17, 2+1+3=6, அதை ரெண்டு மடங்காக்கினா 12, மொத்தம் 29, கடைசி 9. சரியா இருக்கு. ஆனா எண் பொருந்துதுங்கறதுக்காக சீட்டு நிஜம்னு ஆயிராது. சந்தேகமா இருந்தா பார்மசிஸ்ட் கைக்குக் கொடுத்துருங்க.

ஒலி ஒத்த பேர்களையும் ஜோடி ஜோடியாப் படிங்க. ஹைட்ராக்ஸிசைன் அரிப்புக்கும் பதற்றத்துக்கும், ஹைட்ராலசைன் ரத்த அழுத்தத்துக்கு. செலிப்ரெக்ஸ் வலிக்கு, செலெக்ஸா மனச்சோர்வுக்கு. அளவு எழுதறப்ப 0.5-னு முன்னாடி பூஜ்யம் வேணும், 5.0-னு பின்னாடி பூஜ்யம் கூடாது. புள்ளி அழிஞ்சா பத்து மடங்காயிரும்.

பதில் 4: ஹூட்_க்குள்ள

ஃப்ரிஸ்கோ அக்கா, கடை மட்டும்தான் வழின்னு நினைக்காதீங்க. சான்றிதழ் வாங்கினதும் மருத்துவமனைக்கு முயற்சி பண்ணுங்க. கல்லாவும் காப்பீட்டுச் சண்டையும் அங்க குறைவு, பி.பார்ம்ல கத்துக்கிட்ட பார்மாசூட்டிக்ஸ் நிஜமாவே உதவுற இடம் அது. புதுசா சேர்றவங்களுக்கு முதல்ல தானியங்கி மருந்துப் பெட்டிகளை நிரப்பற வேலை வரும். ஒரே வடிவப் பொட்டலம் பக்கத்துப் பக்கத்து அறைல இருக்கும், ஸ்கேன் பண்ணாம கண்ணால பாத்து வெச்சா இடம் மாறிடும், நர்ஸ் நம்பி எடுத்துக் கொடுத்துருவாங்க. பார்கோடைத் தவிர்க்கற பழக்கம் யார்கிட்ட பாத்தாலும் நீங்க கத்துக்காதீங்க.

அதுக்கு அடுத்தது ஐ.வி. (நரம்பு வழி ஏத்தற மருந்து கலக்கற) அறை. கிருமியில்லாம மருந்து கலக்கறதுக்கான யுஎஸ்பி 797 விதிகள்படி கை கழுவறது, கவுன், கையுறை, 70% ஸ்டெரைல் ஆல்கஹால் எல்லாத்துக்கும் முறை இருக்கு, அதைச் செஞ்சு காட்டித் தேறணும். ஹூடோட (வடிகட்டின காத்து வர்ற வேலை மேசை) விளிம்புலருந்து குறைஞ்சது 6 அங்குலம் உள்ள தள்ளித்தான் வேலை செய்யணும். விளிம்புல அறைக் காத்தும் வடிகட்டின காத்தும் கலக்கும். வடிகட்டியிலருந்து வர்ற காத்துக்கும் ஊசி முனைக்கும் நடுவுல விரலோ பாட்டிலோ வரக் கூடாது. கையுறை போட்டிருக்கோம்ங்கற தைரியத்துல எல்லாரும் தப்பு பண்றது இங்கதான். ஐ.வி. அறைல அனுபவம் சேர்ந்தா பிடிசிபியே சிஎஸ்பிடின்னு கிருமியில்லா மருந்து கலக்கறதுக்குத் தனிச் சான்றிதழ் தருது, அதுக்குச் சம்பளத்துல மதிப்பு இருக்கு.

புற்றுநோய் மருந்து கலக்கற இடம்னா ஆபத்தான மருந்துகளுக்கான யுஎஸ்பி 800 விதிகளும் சேரும். கர்ப்பமா இருந்தாலோ திட்டம் இருந்தாலோ சேர்றதுக்கு முன்னாடியே மேற்பார்வையாளர்கிட்ட பேசிருங்க, வேற பிரிவு கொடுப்பாங்க.

ஃப்ரிஸ்கோ_வாசி:

அருமை. அந்த கோர்ஸ் பிடிசிபி பட்டியல்ல தேடிப் பாத்தேன், பேரே இல்ல. அதை விட்டுட்டேன். பக்கத்துல ரெண்டு கடைல டிரெய்னி வேலைக்கு விண்ணப்பம் போடறேன். சான்றிதழ் ஒரு தடவை வாங்கினா போதுமா, புதுப்பிக்கணுமா?

பதில் 1: ஆம்பர்_வயல்

புதுப்பிக்க வேண்டும். பிடிசிபி சான்றிதழ் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. 20 மணி நேரத் தொடர்கல்வி கேட்பார்கள், அதில் சட்டம் ஒரு மணி நேரம், நோயாளி பாதுகாப்பு ஒரு மணி நேரம். டெக்ஸாஸ் போர்டு பதிவும் இரண்டு ஆண்டு, அதற்கும் 20 மணி நேரம், அதில் ஒரு மணி நேரம் டெக்ஸாஸ் சட்டமாக இருக்க வேண்டும். ஒரே பாடத்தை இரண்டுக்கும் கணக்குக் காட்டலாம், ஆனால் இரண்டு பதிவும் முடியும் தேதி வேறு வேறாக இருக்கும், நாள்காட்டியில் தனித்தனியே குறித்து வையுங்கள்.

தொடர்கல்விக்கு இலவசப் பாடங்கள் நிறையக் கிடைக்கின்றன. எடுக்குமுன் பாடத்தின் நீண்ட எண்ணின் கடைசி எழுத்தைப் பாருங்கள். டி என்று முடிந்தால் டெக்னீஷியனுக்கு, பி என்று முடிந்தால் பார்மசிஸ்டுக்கு. பி.பார்ம் படித்தவர்களுக்குப் பி பாடங்கள்தான் சுவையாக இருக்கும், தாராளமாகப் படியுங்கள். பிடிசிபி கணக்கில் ஏறுவது டி மட்டும்.